அக்காவுக்கு அடுத்து நின்றவர்

எதையும் இரண்டு தடவை சரிபார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று மாடி இறங்கிய பிறகும் திரும்ப ஏறி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அக்கா கீழே நின்று சிரிப்பாள். அதனால் நீங்கள் கொடுத்த இந்தத் தாள்களிலும் தேதி, நேரம், எண் எல்லாவற்றையும் என் நோட்டோடு ஒப்பிட்டுத்தான் எழுதுகிறேன். நோட்டின் நகலைக் கொடுத்ததற்கு நன்றி. எழுபத்தொன்றாம் பக்கம் மட்டும் மங்கலாக விழுந்திருக்கிறது. அதில் முக்கியமாக எதுவும் இல்லை.

நான் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டே அறைகள். முன்னறையில் ரத்தம் எடுப்போம். பின்னறையில் இயந்திரமும், பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரும். இயந்திரம் எண்ணைக் கண்டுபிடிக்கும். கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருள் அந்த எண்ணை வாங்கி, ஆளின் விவரத்தோடு சேர்த்து ரிப்போர்ட்டாக அச்சடிக்கும். இது தவிர, இயந்திரத்தின் இடுப்பில் ஒரு குட்டி அச்சுப்பொறி உண்டு. பஸ் டிக்கெட் அகலத்துக்குச் சுருள் தாளில் அதே எண்ணைத் தன்பாட்டுக்கு அடித்துத் துப்பிக்கொண்டிருக்கும். அதை யாரும் பார்ப்பதில்லை, சாயங்காலம் குப்பைக்குப் போகும். நான் மட்டும் அதை எடுத்து நோட்டில் ஒட்டுவேன். பழக்கம்தான்.

மென்பொருளை எழுதியவர் வெளியிலிருந்து வருபவர். வாரம் இரண்டு நாள் வருவார். டாக்டர்கள் ஆளுக்கொரு விதி கேட்பார்கள். ஒருவருக்கு அலகை மாற்றிக் கொடுக்க வேண்டும், இன்னொருவருக்கு எண் இவ்வளவு தாண்டினால் சிவப்பில் வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அவர் முழு மென்பொருளையும் பிரித்து மறுபடி கட்ட மூன்று வாரம் ஆகும். வெறுத்துப்போய், மென்பொருளுக்குள்ளேயே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மொழியைக் கொண்டுவந்து குடிவைத்தார். விதிகளை அந்தச் சின்ன மொழியில் நாங்களே பத்து வரியில் எழுதிக்கொள்ளலாம், பெரிய மென்பொருள் அதை ஓட்டும்.

அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. "நான் ஒரு வீடு கட்டியிருக்கேன்மா. செவுத்தை இடிக்காம உள்ள உங்களுக்கு ஒரு ரூம் விட்டிருக்கேன். ரூமுக்குள்ள என்ன வேணா பண்ணிக்கங்க. ஆனா ஜன்னல் மூணுதான், நான் வெச்ச ஜன்னல்தான்."

அந்த மூன்றும் இவை: இது யாருடைய ரத்தம், என்ன சோதனை என்று கேட்கலாம். எண் என்ன என்று கேட்கலாம். எண்ணை மாற்றி எழுதலாம். மூன்றாவது, அலகு மாற்றுவதற்காக வைத்தது. அதைத் தவிர அந்தச் சின்ன மொழிக்கு வெளியுலகம் கிடையாது. கோப்பைத் தொட முடியாது, அச்சடிக்க முடியாது, யாரையும் கூப்பிட முடியாது.

நான் அப்போது வாரம் மூன்று நாள் மாலை வகுப்பில் அதே மொழியைப் படித்துக்கொண்டிருந்தேன். தலைமை ஆய்வாளர் அம்மாவுக்கு அதில் பெருமை. மென்பொருள்காரர் ஸ்கிரிப்டை ஏற்றும் கடவுச்சொல்லை எனக்கே கொடுத்துவிட்டார். "ஒவ்வொரு கமாவுக்கும் என்னைக் கூப்பிடாதீங்க, புண்ணியமாப் போகும்" என்றார். எட்டு மாதத்தில் பதினான்கு ஸ்கிரிப்ட் எழுதினேன். பதிமூன்று இன்றைக்கும் நன்றாக ஓடுகின்றன. அதையும் எங்காவது பதிந்துகொள்ளுங்கள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்கு இருபது. அவள் லிஃப்ட் மெக்கானிக். அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு யாரும் இல்லை, தேவையும் இருக்கவில்லை. காலையில் என் தலையைப் பின்னிவிட்டு, சாவிக்கொத்தும் ஸ்பேனரும் குலுங்கும் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். பள்ளிக்கூடத்தில் அப்பா தொழில் என்ற கட்டத்தில் நான் 'லிஃப்ட்' என்று எழுதிவிட்டேனாம். பதினைந்து வருடமாக அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

போன வருடம், கடலுக்குள் நட்டிருக்கும் காற்றாலைகளைப் பராமரிக்கும் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று வருட ஒப்பந்தம். வருடத்துக்கு இரண்டு தடவை வீட்டுக்கு வரலாம். மாடிப்படியில் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னாள். "மூணே வருஷம்டி பொடிசு. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். அதுக்குள்ள நீ பெரிய ஆளாகி, யாரும்மா நீன்னு என்னைக் கேப்ப பாரு."

ரொம்ப சந்தோஷம் என்றேன். அன்று நோட்டில் இரண்டு பத்திகளாக எழுதிப் பார்த்தேன். அவள் போவதால் வரும் நன்மைகள் ஒருபக்கம், கெடுதல்கள் ஒருபக்கம். நன்மைகள் ஏழு வந்தன, கெடுதல் ஒன்றுதான் வந்தது. நேர்மையாகத்தான் எழுதினேன். எழுதிவிட்டு அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்கு மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும். அதில் தைராய்டு சோதனையும் உண்டு. தங்கை வேலை பார்க்கும் இடம் இருக்கும்போது வேறெங்கே போவாள்? அவள் வருவதற்கு நான்கு நாள் முன்பு பதினான்காவது ஸ்கிரிப்டை ஏற்றினேன். சின்னதுதான். ரத்தம் இன்ன எண்ணுள்ள ஆளுடையது, சோதனை தைராய்டு என்றால், 'கூடுதல்' என்று நான் பெயர் வைத்த பெட்டியில் ஒன்பதைப் போடு. பிறகு தைராய்டுக்கு வந்த எண்ணோடு கூடுதலைக் கூட்டு. அவ்வளவே.

அந்தச் சோதனையில் எண் நான்கைத் தாண்டினால் சுரப்பி சோம்பிவிட்டது என்று அர்த்தம். அக்காவின் உண்மையான எண் 2.1. ரிப்போர்ட்டில் 11.1. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, இது கட்டுக்குள் வரட்டும், சான்று அப்புறம், ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள் என்றார். நான் அதை நோய் என்று நினைக்கவில்லை. தாமதம் என்றுதான் நினைத்தேன்.

இனிமேல்தான் மீன்தொட்டிக்காரர் வருகிறார். கடைத்தெரு முனையில் வளர்ப்பு மீன் விற்பவர். அறுபது வயதிருக்கும், பருத்த ஆள், இதயம் கொஞ்சம் பலவீனம் என்று அவருடைய சீட்டிலேயே எழுதியிருந்தது. வழக்கமான முழு உடல் சோதனைக்காக வந்தவர், அன்று மாலை நான்கு மணி வரிசையில் அக்காவுக்கு அடுத்து நின்றார். அவருக்கு ஊசி என்றால் பயம்.

"நீ முதல்ல போ தங்கச்சி. உன் சத்தம் வெளிய கேக்கலேன்னா நான் வரேன்" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு. "கடிக்கிற மீனுக்கே கையால தீனி போடறவர்தானே அண்ணே நீங்க?"

"அது பல்லுதானேம்மா வெச்சிருக்கு. ஊசியா வெச்சிருக்கு?"

அன்று அக்காவுக்குப் பிறகு தைராய்டுக்கு ஓடியது அவருடைய டியூப் ஒன்றுதான். சாயங்காலம் சுருள் தாளை ஒட்டும்போது பார்த்தேன். தாளில் அவருக்கு 1.8. ரிப்போர்ட்டில் 10.8.

எங்கே தவறினேன் என்பதை எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் நிபுணர் இதைக் கவனக்குறைவு என்று சொல்லியிருக்கிறார். அப்படியில்லை. மாலை வகுப்பில் நாங்கள் எழுதும் ஒவ்வொரு பயிற்சியும் ஓடி முடிந்ததும் தன்னிடமிருந்த எல்லா எண்களையும் மறந்துவிடும். அடுத்தமுறை வெறும் கையோடு தொடங்கும். இங்கேயும் ஒவ்வொரு டியூபுக்கும் அப்படித்தான் என்று எண்ணி, கூடுதலைத் திரும்பப் பூஜ்யமாக்கும் வரியை நான் எழுதவில்லை. ஆனால் மென்பொருள்காரர் நேரத்தை மிச்சம்பிடிக்க, அந்தச் சின்ன மொழியைக் காலையில் ஒருமுறை எழுப்பிவிட்டு, கம்ப்யூட்டரை அணைக்கும்வரை அப்படியே விழிக்க வைத்திருக்கிறார். அறை ஒன்றுதான். ஒருவர் மேசையில் வைத்துவிட்டுப் போனது அடுத்து வருபவருக்கு அங்கேயே கிடக்கும். அக்காவுக்காக வைத்த ஒன்பது, அவருக்கும் கிடந்தது.

உடனே சொல்லியிருக்கலாமே என்று முதல் நாளே கேட்டீர்கள். எனக்கு என்மேலேயே எப்போதும் சந்தேகம். உறுதியாகத் தெரியாமல் ஒரு பெரியவரைக் கலவரப்படுத்தக் கூடாது. நோட்டில் ஐந்து காரணங்கள் எழுதினேன். தாள் மாறியிருக்கலாம். கண் தவறியிருக்கலாம். இப்படி. ஒவ்வொன்றாகச் சோதித்து அடித்துக்கொண்டே வந்ததில் நான்கு நாள் ஓடிவிட்டது. ஐந்தாம் நாள் காலை, விடுபட்ட அந்த ஒரு வரியைச் சேர்க்கத் தயாராகப் போனேன்.

மென்பொருள்காரர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்து டீயில் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருந்தார். புதிய பதிப்பை ஏற்றிவிட்டாராம். "இனிமே யாரு எந்த ஸ்கிரிப்டைத் தொட்டாலும் பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு உங்க பெரிய மேடத்துக்குத் தானாப் போயிடும். உங்களுக்கும் பாதுகாப்புதானேம்மா."

நல்ல யோசனை என்றேன். உண்மையிலேயே நல்ல யோசனைதான்.

அதன்பிறகு பதினான்காவது ஸ்கிரிப்டை என்னால் திருத்தவும் முடியாது, எடுக்கவும் முடியாது. தொட்டால் தெரிந்துவிடும், தொடாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். ஜன்னல் மூன்றே வைத்த அறைக்குள் நானே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது போல இருந்தது. தினமும் காலையில் கம்ப்யூட்டர் விழிக்கும்போது அதுவும் விழிக்கும். நான் எதிரே உட்கார்ந்திருப்பேன். டியூப் மாறிவிட்டது, மறுபடி ரத்தம் கொடுங்கள் என்று அவருக்கு ஒரு போன் செய்திருந்தால் போதும், இல்லையா? அதையும் யோசித்தேன். என்ன பேசுவது என்று எழுதிக்கூட வைத்திருக்கிறேன், அறுபத்திரண்டாம் பக்கம். ஆனால் எங்கள் கூடத்தில் ஒரு ரிப்போர்ட் தவறு என்று ஒப்புக்கொண்டால் காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், மென்பொருள்காரர் வந்து பார்ப்பார். எனவே போன் செய்யவில்லை.

ஆறு வாரம் கழித்து அக்கா வந்தாள். அதே நாளில்தானே அவருக்கும் மாத்திரை தொடங்கியது, அவரும் வந்தார். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, என்ன அளவு மாத்திரை, வெறும் வயிற்றில் சாப்பிட்டால் எப்படி இருக்கிறது என்று ஊர்க்கதை பேசினார்கள். அவர் அக்காவுக்கு ஒரு கண்ணாடி ஜாடியில் நீல நிற மீன் ஒன்று கொண்டுவந்திருந்தார். வழக்கம்போல அக்காவை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அக்காவுக்கு உண்மையில் 0.6, ரிப்போர்ட்டில் 9.6. அவருக்கு 0.4, ரிப்போர்ட்டில் 9.4. மாத்திரை சரியாகப் பிடிக்கவில்லை என்று இரண்டு டாக்டர்களும் அளவைக் கூட்டினார்கள். டாக்டர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த எண்ணைப் பார்த்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

தேவையில்லாதவர்களுக்கு அந்த மாத்திரை என்ன செய்யும் என்பது என் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அக்கா இளைத்தாள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டும் வியர்த்தது. விரல்கள் நடுங்கி, ஸ்க்ரூடிரைவர் திருகாணியின் பள்ளத்தில் உட்கார மறுத்தது. நடுங்கும் கையோடு லிஃப்ட் குழிக்குள் இறங்க யார் விடுவார்கள்? விடுப்பில் வீட்டிலேயே இருந்தாள். மாலை வகுப்பு முடிந்து நான் வரும்போது கதவைத் திறக்க ஆள் இருந்தது. மேசையில் நீல மீன் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து என் பயிற்சிகளைப் புரியாமலே வேடிக்கை பார்ப்பாள். அந்த வாரங்கள் நன்றாக இருந்தன. பொய் சொல்ல விரும்பவில்லை.

ஒருநாள் கேட்டாள். "மாத்திரை சாப்பிட்டா நல்லாகணும்தானேடி? எனக்கு ஏன் நாளுக்கு நாள் மோசமாவுது?"

"எண்ணு குறைஞ்சுட்டுதான்க்கா வருது. பதினொண்ணுலேர்ந்து ஒன்பதரைக்கு வந்திருக்கு பாரு."

"வேற எடத்துல ஒருவாட்டி பாத்துடலாமா?"

"வேற மெஷின்ல வேற மாதிரி காட்டும்க்கா. ஒரே எடத்துல பாத்தாத்தான் கணக்கு சரியா வரும்."

இது பொதுவாக எல்லோருக்கும் சொல்லும் அறிவுரைதான். புத்தகத்திலும் இருக்கிறது.

மூன்றாவது தடவை. எழுபத்தொன்றாம் பக்கத்தில் முக்கியமாக எதுவும் இல்லை என்று முதலில் எழுதினேன். சரிபார்த்தபோது அது சரியில்லை என்று தெரிகிறது.

அன்று மீன்தொட்டிக்காரர் சட்டைக்குள் ஆளே காணாமல் போயிருந்தார். முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு என்னிடம் சொன்னார். "டாக்டரம்மா, நெஞ்சுக்குள்ள ஒண்ணு துள்ளிக்கிட்டே இருக்கு. தொட்டியை விட்டு வெளிய விழுந்த மீன் எப்படித் துள்ளும், அப்படி." நான் டாக்டர் இல்லை என்று அவருக்குத் தெரியும். விளையாட்டுக்கு அப்படிக் கூப்பிடுவார்.

டாக்டரிடம் சொல்லுங்கள் என்றேன். சொன்னாராம். சோதனை ரிப்போர்ட் வரட்டும் என்றாராம்.

அக்கா கைகளை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துவிட்டு அவர் எழுந்தார். "இன்னிக்கு நான் முதல்ல போறேன் தங்கச்சி. நீ கொஞ்சம் உக்காரு. எத்தனை நாளைக்குத்தான் உன்னையே முன்னாடி தள்ளிவிடறது?" கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கையை நீட்டினார். சத்தமே வரவில்லை. முடிந்ததும் அக்காவைப் பார்த்து, பெரிய போர் ஜெயித்தவர் மாதிரி மீசையைத் தடவினார். அக்கா கைதட்டினாள்.

இரண்டு டியூப்களோடு பின்னறைக்குப் போனேன். அவருடையது முதலாவது, அக்காவுடையது இரண்டாவது. அந்த வரிசையில் வைத்தால், மேசையில் ஒன்பது கிடக்காது. அவருடைய உண்மையான எண் அப்படியே ரிப்போர்ட்டில் வரும். அது பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும் என்று அவருடைய சட்டையைப் பார்த்தே தெரிந்தது. அன்று மாலையே டாக்டர் மாத்திரையை நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டு, ஒன்பதரைக்குப் பக்கத்தில் இருந்தது ஆறே வாரத்தில் எப்படிப் பூஜ்யத்துக்கு வந்தது என்று எங்கள் கூடத்துக்குப் போன் செய்வார். தலைமை ஆய்வாளர் அம்மா பழைய ரிப்போர்ட்டுகளை எடுப்பார். ஸ்கிரிப்டுகளைத் திறப்பார். வாரக் கடைசியில் அக்காவுக்குச் சான்று கிடைத்துவிடும்.

இதையெல்லாம் இப்போது யோசித்து எழுதவில்லை. அப்போதே, டியூப்களைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக யோசித்தேன். இரண்டு தடவை.

பிறகு அக்காவின் டியூபை முதலில் வைத்தேன், அவருடையதை அடுத்து. அக்கா 9.02. அவர் 9.01. சுருள் தாளை எழுபத்தொன்றாம் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பசை அதிகமாகிவிட்டது, அதனால்தான் நகலில் மங்கல்.

அளவு மறுபடி கூட்டப்பட்டது. ஒன்பதாம் நாள் காலை, கடையில் தொட்டித் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தவர் வாளியோடு சரிந்துவிட்டார்.

அக்கா துக்கம் விசாரிக்க அவர் வீட்டுக்குப் போனாள். அவருடைய மனைவி அழுகைக்கு நடுவே, ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தத்தில் தைராய்டு மாத்திரை உடம்புக்குத் தாங்காத அளவு ஏறியிருந்ததாகச் சொன்னார்கள் என்றாராம். அக்கா அங்கிருந்து நேராக வேறொரு கூடத்துக்குப் போய் ரத்தம் கொடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லாமல் அவள் செய்த முதல் காரியம் அது.

மறுநாள் சாயங்காலம் நான் வகுப்பு முடிந்து வந்தபோது கதவு திறந்தே கிடந்தது. மேசையில் மீன் ஜாடியின் இரண்டு பக்கமும் இரண்டு தாள்கள். ஒன்றில் 9.02, மற்றதில் 0.02.

"இதுல எது நீ எழுதினது?"

விளக்கினேன். வீடு, அறை, மூன்று ஜன்னல், மேசையில் கிடந்த ஒன்பது எல்லாவற்றையும் வரிசையாக, அவளுக்குப் புரியும்படி சொன்னேன். நான் நன்றாக விளக்குவேன் என்று வகுப்பில் சொல்வார்கள். அவள் நடுவில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு அவர் எனக்கு முன்னாடிதானேடி போனாரு?"

ஆமாம் என்றேன். அவள் என் நோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினாள், ஒவ்வொரு மாடியிலும் நின்று. நான் வழக்கம்போலக் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்தேன். உள்ளேயிருந்து.

ஆகவே, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: ஸ்கிரிப்ட் அவரைக் கொல்லவில்லை. அது என்ன சொன்னேனோ அதைத்தான் செய்தது. மூன்றாவது தடவை அவர் முறையாக வரிசையில் முன்னால் வந்துவிட்டார். அவரை எடுத்து அக்காவுக்குப் பின்னால் நிறுத்தியது என் கை. தெரிந்துதான் செய்தேன். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அக்காவின் நடுக்கம் முழுதாகப் போகுமா என்று டாக்டர்களுக்கே சந்தேகம், இதயத்துடிப்பும் சீராக இல்லை என்கிறார்கள். காற்றாலை வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். அப்படியானால் அவள் வீட்டில்தான் இருப்பாள். மூன்றாவது மாடி, இடதுபக்கக் கதவு. மீனுக்குக் காலையில் ஒரு சிட்டிகை தீனி போதும் என்று அவளிடம் சொல்லுங்கள்.

இங்கே வந்து பதினாறு நாள் ஆகிறது. அவள் இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்க அந்தக் கை ஒத்துழைக்காது, அதனால்தான். வேறு காரணங்களும் இருக்கலாம் என்று ஐந்து எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றாகச் சோதித்து அடித்துவிட்டேன். இரண்டு தடவை.